பையைத் தின்னாத தூள்

நஸ்ரினின் அத்தா அப்துல் ஹலீம் காரைக்குடியில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருப்பவர். குடம், வாளி, முறம், கல்யாண வீடுகளுக்கு மொத்தமாகப் போகும் தண்ணீர்க் கப், மளிகைக் கடைகளுக்குக் கட்டுக்கட்டாகப் போகும் கேரி பை என்று எல்லாம் அங்கே கிடைக்கும். அந்தக் கடை வருமானத்தில்தான் நஸ்ரின் படித்தாள். படித்துவிட்டு அவள் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சியோ, பிளாஸ்டிக்கை நுண்ணுயிர்கள் எப்படித் தின்கின்றன என்பது. கடையைத் தின்ன வந்த பிள்ளை என்று உறவுக்காரர்கள் கேலி செய்வார்கள். அப்துல் ஹலீமும் சேர்ந்து சிரிப்பார். உள்ளுக்குள் அவருக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

பிடிவாதம் அவளுக்குப் புதிதல்ல. பிளஸ் டூ முடித்ததும் வீட்டில் அவளை பி.காம். சேர்த்துவிட்டு வந்தார்கள். சில நாள் வகுப்புக்குப் போய்ப் பார்த்தாள். பிறகு யாரிடமும் கேட்காமல் கல்லூரி அலுவலகத்தில் நின்று நுண்ணுயிரியலுக்கு மாற்றிக்கொண்டு வந்தாள். கல்யாணமான பிறகு, மலேசியாவில் உணவகம் ஒன்றை நிர்வகித்துக்கொண்டிருந்த கணவன் உவைஸ் விசா எடுத்து அனுப்பினான். ஆராய்ச்சி முடியாமல் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். மாமியார் வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். உவைஸ் மட்டும், அவள் வருகிறபோது வரட்டும், அதுவரை விடுமுறைக்கு நான் வந்து போகிறேன் என்று சொல்லி அந்தப் பேச்சை முடித்து வைத்தான்.

காரைக்குடியில் ஒரு தனியார் கல்லூரியில் அவளுக்கு ஆய்வகம். ஆனால் அவளுடைய ஆராய்ச்சிக்கு வேண்டிய சரக்கு ஒக்கூரில், ஊருணிக் கரையில் கிடைத்தது. அங்கே புளிய இலையும் அரச இலையும் தாமரை இலையும் வருஷக் கணக்கில் விழுந்து மக்கிக் கிடந்தன. மாதத்துக்கு ஒருமுறை டவுன் பஸ் ஏறிப் போய், அந்த மக்கைத் தோண்டி டப்பாவில் எடுத்து வருவாள்.

சோற்றை வாயில் போட்டு நன்றாக மென்றுகொண்டே இருந்தால் கொஞ்ச நேரத்தில் இனிக்கும். எச்சிலில் இருக்கிற ஒரு நொதி, மாவுச்சத்தின் நீண்ட சங்கிலிக்குள் கண்ணிக்குக் கண்ணி நீரை நுழைத்து அறுத்துச் சர்க்கரையாக்குவதால் வருகிற இனிப்பு அது. நீரைக் கொண்டு அறுப்பதால் இந்த வகைக்கு நீராற்பகுப்பு நொதி என்று பெயர். வயிற்றுக்குள் கறியையும் கொழுப்பையும் துண்டுபோடுகிறவையும் இந்தக் கூட்டம்தான். உதிர்ந்த இலையின் மேல்தோலில் ஒரு வழுவழுப்பான பூச்சு உண்டு. அந்தப் பூச்சின் முடிச்சுகளை அறுக்கவும் பூஞ்சைகளிடம் ஒரு நொதி இருக்கிறது. தண்ணீர் பாட்டில் செய்கிற பிளாஸ்டிக்கிலும் அந்த இலைத்தோலில் இருப்பது போன்ற முடிச்சுகள் இருப்பதால், இலைக்கென்று உண்டான நொதி பாட்டிலையும் மெல்லக் கடித்துப் பார்க்கும். அதுவும் சும்மா கடிக்காது. பாட்டிலை உருக்கிப் பொடியாக்கி, நல்ல சூட்டில் வைத்துக் கொடுக்க வேண்டும். கேரி பை விஷயம் வேறு. அதில் அந்த முடிச்சே கிடையாது. கரியணுக்கள் நேராகக் கைகோத்து நிற்கிற சங்கிலி. அறுப்பதற்கு இடம் அகப்படாமல் நொதி வழுக்கிக்கொண்டு போய்விடும்.

இது நஸ்ரினுக்கு வெகுநாளாகத் தெரியும். தெரிந்தது உறுத்தலாக மாறியது ஒக்கூர்ப் பொன்னழகு அக்காவின் மாடு செத்த அன்றைக்கு.

பொன்னழகுவுக்கு ஊருணியை ஒட்டித்தான் வயல். கரையின் மறுபக்கம் ஊர்க் குப்பை கொட்டுகிற மேடு. அங்கே மேயப் போன பசு வயிறு உப்பி இரை எடுக்காமல் கிடந்து செத்துப்போனது. கால்நடை மருத்துவர் வயிற்றை அறுத்தபோது உள்ளே இருந்து பையாக வந்தது. இட்லி மாவுப் பை, பூக்கடைப் பை, கறிக்கடைப் பை, எல்லாம் ஒன்றோடொன்று முறுக்கிக் கயிறு போலாகிக் கிடந்தன. மக்கு எடுக்க வந்திருந்த நஸ்ரின் பக்கத்தில் நின்றாள். அந்தப் பைகளில் இரண்டு மூன்று அவளுடைய அத்தா கடையிலிருந்து போனவையாகவும் இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

பொன்னழகு அழவில்லை. இவளைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்: "நீ ஏதோ பிளாஸ்டிக்கத் திங்கிற கிருமி வளக்குறேன்னியே தங்கச்சி, அது இந்தப் பையத் திங்குமா?"

"திங்காதுக்கா," என்றாள் நஸ்ரின். "பாட்டிலத்தான் கொஞ்சம் கடிக்கும்."

"அப்ப என்னத்துக்கு அது?"

நஸ்ரின் அன்றைக்கு மக்கு எடுக்காமலே பஸ் ஏறினாள்.

அடுத்த மாதமே ஈஸ்வரன் வந்தான். வெளியூர்க் கம்பெனி ஒன்றின் பிரதிநிதி. இஸ்திரி கலையாத சட்டை, நிதானமான பேச்சு, எதிரில் இருப்பவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கிற பழக்கம். பிளாஸ்டிக் வியாபாரிகள் சங்கத்துக்குச் செயலாளர் அப்துல் ஹலீம் என்று விசாரித்துக்கொண்டு நேராகக் கடைக்கே வந்தான். அவன் கொண்டுவந்தவை இரண்டு சரக்கு. ஒன்று, என்சைம் தூள். தண்ணீரில் கரைத்துக் குப்பைமேட்டில் தெளித்தால் மூன்றே மாதத்தில் பிளாஸ்டிக் பை மண்ணாகிவிடும். மற்றது, அந்தத் தூளைச் சேர்த்தே செய்த கேரி பை. வெயிலில் கிடந்தால் தானாகவே மக்கிப் போகும். ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றித் தூளைக் கலக்கி, மெல்லிய பை ஒன்றை உள்ளே அமுக்கிக் காட்டினான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பை கரைந்து காணாமல் போனது.

அப்துல் ஹலீமுக்கு அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கியது. கேரி பைக்கு அரசு தடை போட்ட நாளிலிருந்து அவருக்கு நிம்மதி கிடையாது. எப்போது யார் வந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு போவார்கள் என்று பயந்து பயந்து வியாபாரம் செய்தார். சங்கத்தில் எல்லாரும் அவர் முகத்தைத்தான் பார்த்தார்கள். இப்போது சட்டமும் ஒப்புக்கொள்கிற பையை விற்கலாம், மாவட்டத்துக்கே அவர்தான் ஏஜென்ட். ஈஸ்வரன் கேட்டது ஒன்றே ஒன்று. உங்கள் மகள் இதே என்சைமில்தானே டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறார்கள், அறிமுகக் கூட்டத்தில் மேடையேறி இரண்டு வார்த்தை பேசினால் போதும்.

நஸ்ரின் அந்தத் தூளை ஆய்வகத்துக்கு எடுத்துப் போனாள். சோற்றுக் கஞ்சியில் அயோடின் விட்டால் கருநீலமாகும். அதில் தூளைக் கலந்து வைத்தாள். நீலம் வெளுத்துக்கொண்டே போய் மறைந்தது. ஆக, தூள் பொய்யல்ல. நல்ல நொதிதான், ஆனால் சோற்றை அறுக்கிற நொதி. அத்தா கடைப் பையை அதே கரைசலில் ஊறப்போட்டுக் காயவைத்து நிறுத்துப் பார்த்தாள். எடை அப்படியே இருந்தது. வீட்டுக்கு வந்து அத்தாவிடம் சொன்னாள். அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, கண்ணால் கரைந்ததைப் பார்த்தேன், நீ கரையாது என்கிறாய், நான் யாரை நம்புவது என்று கேட்டார். பிறகு, நீ ஒரு புத்தகம் படித்திருப்பாய், அவர்கள் வேறு புத்தகம் படித்திருப்பார்கள் என்றார். மறுநாளும் சொன்னாள். அவர் எழுந்து தொழப் போய்விட்டார்.

கல்லூரியிலும் கம்பெனி வந்து போயிருந்தது. அவளுடைய ஆய்வு வழிகாட்டி தீபலட்சுமி நல்ல மனுஷி; ஒரு பழைய கருவியை வைத்துக்கொண்டு மாணவிகளோடு வருஷக் கணக்கில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர். கம்பெனி புதுக் கருவி வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தது. நான் உன்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை நஸ்ரின், மேலும் ஆய்வு தேவை என்று மட்டும் பேசிவிட்டு இறங்கிவிடு, அது எல்லாவற்றுக்கும் பொருந்துகிற உண்மைதானே என்றார்.

"மேடம், அதை அவுக 'ஆய்வு நடக்குது'ன்னு போஸ்டர் அடிச்சு என் படத்தையும் போட்டுருவாக," என்றாள் நஸ்ரின். "செத்த மாட்டுக்காரிகிட்ட நான் எந்த மூஞ்சியோட போவேன்?"

தீபலட்சுமி இறுகிய முகத்தோடு பழைய கருவியின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அறிமுகக் கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. வியாபாரிகள், அக்கம்பக்கத்து ஊராட்சிக்காரர்கள், சில பெண்கள் குழுக்கள் என்று மண்டபம் நிறைந்திருந்தது. பொன்னழகுவும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவளை வரச் சொன்னது நஸ்ரின்தான். ஈஸ்வரன் கண்ணாடிக் கிண்ணத்தில் பையைக் கரைத்துக் காட்டினான். கைதட்டல் அடங்கியதும் அப்துல் ஹலீம் ஒலிபெருக்கியைப் பிடித்து, தன் மகளைப் பற்றி நாலு வார்த்தை பெருமையாகப் பேசி அவளை மேடைக்கு அழைத்தார்.

நஸ்ரின் ஏறினாள். பேசுவதற்கு முன்னால், மேசையில் மீதியிருந்த வெந்நீரை வேறொரு கிண்ணத்தில் ஊற்றினாள். தூள் எதுவும் போடவில்லை. கம்பெனி வைத்திருந்த மெல்லிய பைகளில் ஒன்றை எடுத்து அதற்குள் அமுக்கினாள். அதுவும் கரைந்தது.

முன்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

"இந்தப் பை வெறும் வெந்நீர்லயே கரையும்," என்றாள் ஒலிபெருக்கியில். "அப்படிக் கரையிறதுக்குன்னே ஒரு பொருள்ல செஞ்சது. தூளுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. இந்தா இருக்கு எங்க அத்தா கடைப் பை. நீங்க எல்லாரும் விக்கிற பை, உங்க வீட்டுல கிடக்கிற பை. இத அவுக தூள்ல போடுறேன். கூட்டம் முடியிற வரைக்கும் கிடக்கட்டும்."

போட்டாள். பை மிதந்தது. ஆராய்ச்சி மாணவி அவசரப்படுகிறார்கள், மண்ணிலும் வெயிலிலும் மூன்று மாதம் ஆகும் என்று நாங்கள் முதலிலேயே சொல்லியிருக்கிறோம் என்றான் ஈஸ்வரன், குரல் உயராமலே. கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. சங்கத்தில் ஒருவர் எழுந்து, சொந்த அப்பன் பிழைப்பில் மண்ணைப் போடுகிறாயே என்று சத்தம் போட்டார். நஸ்ரின் மேடையை விட்டு இறங்கவில்லை.

"மூணு மாசம் தானே, வச்சுப் பாப்போம்," என்றாள். "ஒக்கூர் குப்பைமேட்டுல எல்லார் கண்ணு முன்னாடியும் வைப்போம். இங்க கரைச்சுக் காட்டுனது இல்ல, நீங்க விக்கப்போற கேரி பை, எங்க பை, ஒரு தாமரை இலை. தூளை நீங்களே உங்க கையால தெளிங்க. மக்கிப் போச்சுன்னா இதே மேடையில நின்னு நான் சொன்னது தப்புன்னு சொல்றேன்."

எல்லாரும் அப்துல் ஹலீமைப் பார்த்தார்கள். அவர் முகம் கறுத்துப் போயிருந்தது. மகளைப் பார்க்காமலே, வைப்போம், இவளுக்கும் புத்தி வரட்டும் என்று சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கிப் போனார்.

அந்தக் கோடை முழுதும் அவர் மகளோடு பேசவில்லை. அம்மா ஷரபுன்னிசாதான் நடுவில் நின்று, சோறு ஆறுகிறது என்பதைக்கூட இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் சொல்ல வேண்டியிருந்தது. பஜாரில் நடந்தால் கடைக்காரர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். கல்லூரிக்கு வருவதாக இருந்த கருவி வரவில்லை. நஸ்ரின் எழுதிக் கொடுத்த ஆய்வேட்டு அத்தியாயங்கள் தீபலட்சுமியின் மேசையில் திருத்தப்படாமல் கிடந்தன. உவைஸ் போனில் கேட்டான், இவ்வளவு பேரைப் பகைத்துக்கொண்டு எதற்கு, பேசாமல் கிளம்பி இங்கே வந்துவிடு என்று. இப்போது வந்தால் ஓடிவந்த மாதிரி இருக்கும் என்று சொல்லிப் போனை வைத்தாள். வைத்த பிறகு கொஞ்சம் அழுதாள். மறுநாள் வழக்கம் போல ஒக்கூர் பஸ் ஏறினாள்.

கம்பி வலைக்கூண்டு செய்து குப்பைமேட்டில் வைத்திருந்தார்கள். ஈஸ்வரனுடைய ஆள் வாராவாரம் வந்து தூளைத் தெளித்துவிட்டுப் போனான். ஆடு மாடு இழுத்துவிடாமல் பொன்னழகு பார்த்துக்கொண்டாள். சித்திரை வெயில் தீயாகக் காய்ந்தது. தாமரை இலை சீக்கிரமே நரம்பு நரம்பாகி, பிறகு மண்ணோடு மண்ணாகிவிட்டது. இரண்டு பைகளும் இருந்தன. கம்பெனிப் பை மட்டும் வெளுத்துக்கொண்டு வந்தது.

ஆனி மாதம் கூண்டைத் திறந்தார்கள். சங்கத்திலிருந்து சிலர், ஈஸ்வரன், பொன்னழகு, கொஞ்சம் தள்ளி அப்துல் ஹலீம். அத்தா கடைப் பை அழுக்காகி அப்படியே கிடந்தது. கம்பெனிப் பையைத் தொட்டதும் அப்பளம் போல நொறுங்கியது. ஈஸ்வரன் நிமிர்ந்து எல்லாரையும் பார்த்தான். பாருங்கள், பை எங்கே என்று கேட்டான். சங்கத்து ஆட்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

நஸ்ரின் குனிந்து அந்த நொறுங்கலைக் கை நிறைய அள்ளி, பொன்னழகு கொண்டுவந்திருந்த சொம்புத் தண்ணீரில் போட்டுக் கலக்கினாள். மண் அடியில் தங்கியது. மேலே பொடிப்பொடியாகப் பிளாஸ்டிக் மிதந்தது, ஒவ்வொன்றும் அரிசிக் குறுணை அளவு. செரித்திருந்தால் ஒன்றுமே மிச்சமிருக்கக் கூடாது, இது வெயில் பட்டால் உடையவென்றே செய்தது, உடைந்திருக்கிறது, அவ்வளவுதான் என்று விளக்கினாள். மழை பெய்தால் இது நேரே ஊருணிக்குப் போகும். அங்கே மீன் தின்னும், மாடு குடிக்கும்.

ஈஸ்வரன் அவளை விட்டுத் திரும்பினான். அப்துல் ஹலீம் பக்கம் போய்த் தணிந்த குரலில் சொன்னான்: "பாய், கண்ணுக்கு முழுப் பை தெரியல இல்லையா? வர்ற அதிகாரிக்கு அது போதும். உங்க கடை தப்பிச்சிரும். யோசிங்க."

அது பொய்யல்ல. உண்மையிலேயே கடை தப்பித்திருக்கும். அப்துல் ஹலீம் சொம்பை வாங்கினார். விரல்களை உள்ளே விட்டு எடுத்தார். நனைந்த விரல்களில் வெள்ளைப் பொடிகள் ஒட்டியிருந்தன. கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார், போகவில்லை. வேட்டியில் துடைத்தார், வேட்டியில் ஒட்டிக்கொண்டது.

"முழுசா இருந்தாலாவது மாட்டு வாயிலருந்து புடுங்கலாம்," என்றாள் பொன்னழகு. "இத எப்படிய்யா புடுங்குறது?"

"வேணாம் தம்பி," என்றார் அப்துல் ஹலீம் ஈஸ்வரனிடம். "நாப்பது வருசமா பிளாஸ்டிக்க பிளாஸ்டிக்னு சொல்லித்தான் வித்தேன். மண்ணுன்னு சொல்லி விக்க எனக்கு வராது. உங்க சரக்க எடுத்துக்கிட்டுப் போங்க."

அத்தா தன் காரிலேயே மகளைக் கூட்டிக்கொண்டு திரும்பினார். ரயில்வே கேட்டில் வண்டி நின்றதும் அவர் சொன்னார்: "நீ சொன்னது சரிதான். சொன்ன எடம் சரியில்ல."

"வீட்டுல சொன்னேன் அத்தா. நீங்க கேக்கல."

கேட் திறந்ததும் அவர் வண்டியை எடுத்தார். "கேக்கலதான்," என்றார்.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. சங்கத்தில் அவரைச் செயலாளர் பொறுப்பிலிருந்து இறக்கினார்கள். கேரி பையை அடியோடு நிறுத்திவிட்டு, வாளியும் குடமும் மட்டும் விற்றார், வியாபாரம் பாதியானது. அந்தக் கோபம் அவருக்கு இன்னும் முழுதாகப் போகவில்லை. கம்பெனியிலிருந்து நஸ்ரினுக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது. எங்கள் பெயரைக் கெடுத்ததற்கு எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் வழக்கு. கல்லூரி நிர்வாகம் அவளைக் கூப்பிட்டு, ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டுப் பட்டத்தை வாங்கிக்கொண்டு போ என்றது. எழுத மாட்டேன் என்றாள். வழக்குப் போட்டால் நீதிபதி முன்னாலேயே வெந்நீர் வைத்துக் கரைத்துக் காட்டத் தயார் என்று பதில் அனுப்பினாள். அந்தப் பதிலுக்குப் பதில் வரவில்லை. ஈஸ்வரன் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டாள்.

யாரும் எதிர்பாராமல் மாறியவர் தீபலட்சுமி. நோட்டீஸுக்கு அவள் அனுப்பிய பதிலைப் படித்த பிறகு ஒருநாள் அவளைக் கூப்பிட்டு, திருத்தி முடித்த அத்தியாயங்களைக் கையில் கொடுத்தார். கூடவே, கேரி பையை நொதி ஏன் அறுக்காது என்பதற்குத் தனி அத்தியாயம் எழுது, அந்தக் கூண்டையும் அதில் சேர் என்றார். மிச்ச ஆய்வும் பழைய கருவியோடுதான் நடந்தது. வாய்மொழித் தேர்வில் வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர், முடியாத ஒன்றைப் பற்றி இவ்வளவு பக்கம் எதற்கு என்று கேட்டார். முடியாததை முடியும் என்று விற்க ஆட்கள் வருகிறார்கள், யாராவது ஒருவர் எழுதி வைக்க வேண்டும் என்றாள் நஸ்ரின். பட்டம் கிடைத்தது.

இப்போது அவள் அதே கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர். மலேசியாவுக்கு ஒருமுறை போய்ச் சில வாரம் இருந்துவிட்டு வந்தாள். பாட்டிலைக் கடிக்கிற நொதியை இன்னும் கொஞ்சம் வேகமாகக் கடிக்க வைக்க முயன்றுகொண்டிருக்கிறாள். சில நாள் கடிக்கிறது, சில நாள் அடம்பிடிக்கிறது. திங்கட்கிழமைகளில் வகுப்பில்லை. அன்றைக்கு அவளும் பொன்னழகுவும் சிவகங்கைக்குப் போய்க் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுக் கொடுக்கிறார்கள். குப்பைமேட்டுக்கு மாடு நுழையாதபடி வேலி, ஊருணிக்கும் மேட்டுக்கும் நடுவில் ஒரு சுவர், கேட்பது அவ்வளவுதான். இத்தனை படித்த பிள்ளை ஒரு வேலிக்காக வரிசையில் நிற்கலாமா என்று அங்கே ஒருவர் கேட்டார். வேலிதான் மாட்டைக் காப்பாற்றும் என்றாள் அவள்.

வேலி பாதி வந்திருக்கிறது. மீதிக்காக வருகிற திங்கட்கிழமையும் இருவரும் பஸ் ஏறுகிறார்கள்.